பூட்டிய ஷெட்டுக்குள் என் குரல்

தொண்டையில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பொரிப் பொட்டலம். மூக்கண்டப்பள்ளியை முதுகுக்குப் பின்னால் விட்டு, தொழிற்பேட்டையின் உள்சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலைக்குப் போனால் பஸ் உண்டு. ஆனால் ஆயுத பூஜை அன்று பஸ்ஸெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, படியில்கூட இடமில்லாமல் வரும். உள்சாலையிலேயே நடந்தால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகா. அங்கே போய் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது அடுத்த இடத்தைப் பற்றி யோசிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அந்தச் சாலையைச் சத்தம் இல்லாமல் நான் அதுவரை பார்த்ததில்லை. மற்ற நாட்களில் பிரஸ் மெஷின்கள் அடிக்கிற அடி தார்ச்சாலை வழியாக உள்ளங்காலுக்கு வந்துசேரும். அன்று காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. உச்சி வெயில். எல்லா கேட்டும் பூட்டு. பூட்டுக்கு மேலே சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் உடைத்த பூசணிக்காய், உள்ளே குங்குமம் கரைந்து சிவந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. ஒரு நாய் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, எதையும் தின்னாமல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அன்று காலைதான் எனக்கு வேலை போயிருந்தது. போனது வேலை மட்டும்தான், குரல் அங்கேயே இருக்கிறது என்பதுதான் விசேஷம்.

நான் எட்டாவது வரை படித்தவன். கிரானைட் பாலிஷ் போட்டேன், ரோஜா ஷெட்டில் முள் உரித்தேன், முட்டை லாரியில் கிளீனராகச் சுற்றினேன். மூக்கண்டப்பள்ளியில் தண்ணி கேன் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆபீசுக்குக் கேன் தூக்கிப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். அதன் முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர். நான் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பியதும் ஒரு ஃபோனை நீட்டினார்.

"தம்பி, இதுல ஒரு பில்லு போடு பாப்போம்."

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுல்ல? அப்ப நீதான்யா ஆளு."

இந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன ஷெட்டுகள் ஏராளம். நாலு மெஷின், ஆறு ஆள், அவ்வளவுதான் கம்பெனி. ஆனால் சரக்கு கடல் தாண்டிப் போகும். வாங்குகிறவன் எங்கோ உட்கார்ந்திருப்பான். அவன் பணத்தில், அவன் மொழியில், அவன் ஊர்த் தேதியில் பில் போக வேண்டும். பெரிய கம்பெனி என்றால் அதற்கு ஒரு மாடி நிறைய ஆள் இருக்கும். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்காகத்தான் அந்த ஆப். "நம்மாளு நம்ம பாஷையில சொல்லணும், அங்கிட்டு அவன் பாஷையில பில்லு போய் நிக்கணும். நடுவுல நடக்குறது எதுவும் கண்ணுல படக்கூடாது" என்பார் முதலாளி.

ஆப்பை வடிவமைத்தது ஒரு மேடம். தினமும் பெங்களூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம். ஒவ்வொரு திரையையும் வரைந்து என் முன்னால் வைப்பார். நான் எங்கே திணறுகிறேனோ அதை எடுத்துவிடுவார். நான் நிறையத் திணறினேன். "சாக்கு, இதுவும் பேடா" என்று ஒரு பெட்டியை அழிப்பார். போதும், வேண்டாம் என்று அர்த்தம். இப்படி அழித்து அழித்துக் கடைசியில் மூன்று பொத்தான்கள் மிஞ்சின: பில் போடு, அனுப்பு, பணம் வந்ததா. என் முட்டாள்தனத்துக்கு மாதச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அது.

பிறகு ஷெட்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கேதான் மாட்டியது. லேத் மெஷின் ஓட்டுகிற கை எப்போதும் எண்ணெய்க் கை. தொட்டால் திரை எடுக்கவில்லை. துடைத்துத் தொட்டாலும் எடுக்கவில்லை. ஒரு ஷெட்டை நடத்துகிற அக்கா, நாகரசம்பட்டிப் பக்கத்தவர், மூக்கு நுனியால் 'அனுப்பு' பொத்தானை அமுக்கிக் காட்டினார்.

"இதுக்கு நானு பில்லு புக்குலயே எழுதிகினு போயிருவேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆப் பேச ஆரம்பித்தது. அது கேட்கும், இவர்கள் வாயால் பதில் சொன்னால் போதும். பேசுவதற்கு என் குரலை எடுத்தார்கள். முதலாளி அதற்குச் சொன்ன காரணம் இன்றும் காதில் இருக்கிறது. "இவன் தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுறான். எதுலயும் எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியல. ஊரே இல்லாத கொரலு."

பதிலுக்கு எந்தச் சொல்லை வைப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். 'சரி' என்று முடிவு செய்தது மேடம். இங்கே தமிழனும் சரி என்பான், கன்னடக்காரனும் சரி என்பான், தெலுங்குக்காரன் சரே என்பான், அதையும் ஆப் எடுத்துக்கொள்ளும். அனுப்பாமல் நிறுத்துவதற்கு 'வேண்டாம்' என்ற சொல். ஆப் பேசிக்கொண்டிருக்கும்போது தன் சத்தத்தைத் தானே பதிலாக எடுத்துவிடக்கூடாது என்பதற்கும் வழி செய்திருந்தார். வாய் திறந்திருக்கும் நேரம் அது தன் காதை மூடிக்கொள்ளும்.

ஒரு சின்ன அறையில் சுவரெல்லாம் மெத்தை கட்டி, என்னை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். எண்கள், மாதங்கள், கேள்விகள், சம்பந்தமே இல்லாத வாக்கியங்கள். மெத்தை அறையில் பேசினால் சொல் வாயை விட்டுப் போனதும் செத்துவிடும், திரும்பி வராது. வெளியே வந்தால் காது அடைத்திருக்கும். ஒரு நாள் வெளியே வந்தபோது மேடத்தின் கம்ப்யூட்டரில் நான் பேசிக்கொண்டிருந்தேன். நாகரசம்பட்டி அக்காவின் சரக்கை வாங்குகிறவன் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னேன். அது ஏதோ பனி பெய்கிற ஊர். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது, எத்தனையோ முறை முயன்று விட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த நான் அதைச் சுத்தமாகச் சொன்னேன்.

"இது நான் சொல்லல மேடம்."

"ஹௌது, ஆமா, இனிமே நீங்க சொல்ல வேணாம். அதே சொல்லும்."

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பூஜை அன்று காலையில்தான் புரிந்தது. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் வைத்தார்கள், மைக்குக்கு வைத்தார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே என் தொண்டையிலும் ஒரு பொட்டை இழுத்தார். "இதுவும் ஆயுதம்தானப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பொரியோடு கணக்கு முடித்துக் கொடுத்தார். "கொரலு முழுசா உள்ள வந்துருச்சு தம்பி. தப்பா நெனைக்காத." நான் தப்பாக நினைக்கவில்லை. இதைவிட மோசமாகப் பல இடங்களில் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் மாடிப்படி இறங்கும்போது, மேலே யாரோ கம்ப்யூட்டரை அணைக்கப் போக, நான் "மீண்டும் சந்திப்போம்" என்று சொன்னது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்த நடையில்தான் அக்காவின் ஷெட் இருக்கிற சந்து வந்தது. நாலு முதலாளிகள் சேர்ந்து ஒரே ஷெட்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சந்தின் வாயில் வாட்ச்மேன் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், தெலுங்குக்காரர், பழக்கம் இல்லை. நிழலில் அவர் நாற்காலி காலியாக இருக்க, வெயிலில் நின்றார்.

"ஏம்பா, நில்லு. அந்தப் பக்கமாப் போவாத."

நான் நின்றேன். அவர் ஷட்டரைக் காட்டினார்.

"உள்ள ஆளு கீது. காத்தாலருந்து பேசிகினே கீது."

காது கொடுத்துக் கேட்டேன். பூட்டிய ஷட்டருக்குள் முணுமுணுப்பு.

"திருடனா இருந்தா புடிச்சிருப்பேன்" என்றார். "நாலு பேரு கேக்குது. நாலு பேரும் ஒரே ஆளு."

"பூட்டு உடைஞ்சிருக்காண்ணா?" என்று கேட்டேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். பூசணிக்காயை மிதித்தார், அதுகூடத் தெரியவில்லை.

"இன்னொருக்கா சொல்லு."

"பூட்டு..."

"நீ வெளிய நிக்கற. அப்ப உள்ள யாரு?"

ஃபோன் ஆப் பேசுது, குரல் மட்டும்தான் என்னுது என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் வெளுத்தது. நான் பேசப் பேச உள்ளேயும் நான் பேசிக்கொண்டிருந்தேன், அவருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் "கையக் காட்டு" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்ததோ என்னவோ, விட்டார்.

ஷட்டரின் கீழே தரைக்கும் தகரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. குப்புறப் படுத்துக் காதை வைத்தேன். கற்பூர வாசனையும் கூலன்ட் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது.

ஆயுத பூஜைக்குத் தொழில் சாமானையெல்லாம் சாமி முன்னால் வைத்து, பூட்டிவிட்டு, மறுநாள் விஜயதசமி காலை வரை தொடமாட்டார்கள். அதற்கு முன் பூட்டைத் திறப்பது ஆகாது. கரண்ட் மெயினை இறக்கிவிடுவார்கள். ஸ்பானர், அளவு பார்க்கிற கேஜ், எல்லாம் தட்டில் இருக்கும். அந்த வருஷம் பில் போடுகிற ஃபோன்களையும் சேர்த்து வைத்திருந்தார்கள், நாலு கம்பெனியின் நாலு ஃபோன், ஒரே தாம்பாளத்தில். அவற்றை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் போட்டு ஓடுவதுதான் மெஷின், அதை நிறுத்தியாகிவிட்டது. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு இங்கே ஆயுதங்களுக்கு ஓய்வு என்று தெரியாது. அவன் பாட்டுக்குப் பணம் அனுப்பினான், கேள்வி கேட்டான். ஃபோன்கள் பேசின.

"பணம் வந்திருக்கு. ரசீது அனுப்பட்டுமா? சரின்னா, சரின்னு சொல்லுங்க."

இது ஒரு ஃபோன். இதில் 'சரி' என்ற சொல் இருக்கிறது. பேசுகிற ஃபோன் தன் காதை மூடிக்கொள்ளும். பக்கத்தில் பதிலுக்குக் காத்திருக்கிற ஃபோன் மூடாது. அடுத்த ஃபோனின் காதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. இன்னொரு நான் சொன்னேன்:

"சரின்னு சொன்னீங்க. அனுப்பிட்டேன். நன்றி."

அதில் இருந்த 'சரி'யை மூன்றாவது ஃபோன் எடுத்துக்கொண்டது. கேட்பதும் நான், சம்மதிப்பதும் நான், நன்றி சொல்வதும் நான். மரியாதையாக, அவசரமே இல்லாமல், மனிதன் யாரும் இல்லாத இருட்டில் அவர்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மூன்று கம்பெனிகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ரசீதுதான், அது எப்படியும் போக வேண்டியது. ஆனால் அக்காவின் ஃபோனில் ஒரு பில் காத்திருந்தது எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். புஷ் என்கிற உருளை, நடுவில் துளை. அந்த லாட்டில் பாதிக்குத் துளை பெரிதாகிவிட்டது. நல்லதைப் பிரித்தெடுத்து, குறைக்கு மறுபடி ஓட்டி, லாரியில் ஏற்றிய பிறகுதான் பில் போக வேண்டும். "நான் சொன்னாத்தான் போவணும்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். முன்னால் ஒரு முறை சரக்குக்கு முந்திப் பில் போய்விட்டது. அதற்கு அந்தப் பனி ஊர்க்காரன், இன்னொரு முறை இப்படி ஆனால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தான். அக்காவின் நாலு மெஷினும் அவன் ஒருவனுக்காகத்தான் ஓடுகின்றன.

வாட்ச்மேனிடம் இருந்தது அக்காவின் நம்பர் ஒன்றுதான், அதுவும் பில் போடுகிற ஃபோனின் நம்பர். போட்டார். உள்ளே தாம்பாளத்தில் மணி அடித்தது. அடிக்கிற வரைக்கும் குரல்கள் நின்றன, காது கொடுத்துக் கேட்பதுபோல. மணி நின்றதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தன. நான் முதலாளிக்கு அடித்தேன். அவர் ஃபோனும் பூஜையில் இருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

"பூட்டை உடைச்சிரலாமாண்ணா?"

"பூஜ பூட்டு. ஒடச்சா என்னை ஒடப்பாங்கோ" என்றார் வாட்ச்மேன்.

அப்போது அந்த ஊர்ப் பெயரைக் கேட்டேன். என் வாயில் நுழையாத பெயர், என் குரலில், சுத்தமாக. "...பில் ஒண்ணு காத்திருக்கு. அனுப்பட்டுமா?"

நான் தகரத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "வேண்டாம்!"

உள்ளே ஒருவன் சொன்னான், "வேண்டாம்னு சொன்னீங்க. நிறுத்திட்டேன்." அடுத்தவன் அதையே சொன்னான். மூன்றாமவன் சொன்னான். நாலாவது குரல் கொஞ்சம் தாமதித்து, "அனுப்பிட்டேன். நன்றி" என்றது.

நான் கத்துவதற்குள் பக்கத்து ஃபோனின் 'சரி' அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். நாலாவது யாருடைய ஃபோன் என்று எனக்குத் தெரியவில்லை. நாலும் நான்தான்.

அதன் பிறகு அங்கிருந்து நகர முடியவில்லை. ஷட்டர் ஓரமாகவே உட்கார்ந்தேன். உள்ளே குரல் எழும்போதெல்லாம் வேண்டாம் என்றேன். சில நேரம் எனக்கு முன்னால் உள்ளே இருக்கிறவன் சரி என்றுவிட்டான். வாட்ச்மேன் பொரியில் பாதியை வாங்கித் தின்றுகொண்டே தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஏம்பா, நீயே கேட்டு நீயே வேணான்னுகினு கீற. ஊட்டுலயும் இப்டித்தானா?"

"வீடு இல்லண்ணா."

"அதான்" என்றார்.

வெயில் தாழ்ந்தபோது பேச்சு மாறியது. "சார்ஜ் குறையுது. வயரைச் செருகுங்க" என்றேன் உள்ளிருந்து. மெயின் இறக்கியிருக்கிறதே, யார் செருகுவது? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டேன். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை, நான் சொல்லிக் கொடுத்த அதே சாதாரணக் குரல். பிறகு "அணையப் போறேன்" என்று ஒரு ஃபோன் சொன்னது. அந்த வாக்கியத்தை மெத்தை அறையில் நான் எப்போது சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாலும் அணைந்தன. கடைசிக் குரல் போன பிறகு வாட்ச்மேன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று இரவு அவர் பக்கத்தில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டேன். ஜூஜூவாடிக்குப் போகவில்லை.

காலையில் அக்கா பூவோடு வந்தார். என்னைப் பார்த்ததும் "என்னாப்பா, பொரி வாங்கவா காத்துகினு கீற?" என்றார். வாட்ச்மேன் விஷயத்தைச் சொன்னார், தன் பங்குக்கு ஆட்களின் எண்ணிக்கையையும் கூட்டிச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே எலுமிச்சையை நசுக்கி, ஷட்டரைத் தூக்கினார். தாம்பாளத்தில் நாலு ஃபோனும் குங்குமப் பொட்டோடு கறுத்துக் கிடந்தன. மெயினைப் போட்டு அக்கா தன்னுடையதைச் செருகினார். மற்ற முதலாளிகளும் வந்துவிட்டார்கள். திரை வெளிச்சமானதும் அது பேசியது. பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"பில் போயாச்சு. வாங்குறவர் பதில் போட்டிருக்காரு: பில் கிடைத்தது. அதில் உள்ளபடி வெள்ளிக்கிழமை சரக்கு ஏறும் என்று எடுத்துக்கொள்கிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஃபோனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னியா, போவச் சொல்லி?"

"நான் வேண்டாம்னுதான் கத்தினேன்க்கா. சரின்னது அது."

"கொரலு உன்னுதுதான?"

"கொரலு என்னுதுதான்."

ஒரு முதலாளி, பில்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்றார். "போன தடவ திருப்பி வாங்கித்தான் வாங்கிக் கட்டிகினேன்" என்றார் அக்கா. மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகள் பக்கம் போய், மேலே இருந்ததைத் திறந்து, கை நிறைய புஷ்ஷை அள்ளி விட்டார். கணகணவென்று விழுந்தன. நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒரே மாதிரி.

"நீ எங்க கெளம்பின?"

"அந்தப் பக்கம்க்கா."

"அந்தப் பக்கம்னா?"

"தெரியல."

"தெரியாத ஊருக்கு வெள்ளிக்கெழமைக்கு மேல போயிக்கலாம். ஒக்காரு."

தாம்பாளத்திலிருந்து சந்தனம் பூசிய கேஜை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார். இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் ஒத்துவந்தால் வலது பெட்டி. இல்லாவிட்டால் இடது. நாள் கூலி, மதியச் சாப்பாடு. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்க ஒக்காந்துகினு வாயத் தொறக்கக்கூடாது. அது எதுக்குச் சரிங்கும், எதுக்கு வேணாங்கும்னு என்னால பாத்துகினு இருக்க முடியாது."

தலையை ஆட்டினேன். லேத் ஓட ஆரம்பித்தது, தரை கால் வழியாக அதிர்ந்தது. முதல் புஷ்ஷை எடுத்துக் கேஜைச் செருகினேன். மேஜை ஓரத்தில் சார்ஜில் இருந்த ஃபோன், புதுப் பில் போடட்டுமா என்று என் குரலில் கேட்டது. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் புஷ்ஷை வலது பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.